மஞ்சள் சாம்பிள் போட்ட இரண்டு பிள்ளைகள்

அண்ணன் வீட்டில் சர்வர் வாங்கியது அவர் மகளின் கல்யாணத்துக்காக. மண்டபத்தில் பெரிய எல்.இ.டி. திரை வைத்து, பெண்ணின் சின்ன வயது வீடியோக்களை ஓட்டுவது இப்போது எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் வழக்கமாகிவிட்டது. அப்படி ஓட்டுவதற்கு எங்களிடம் வீடியோக்களுக்குக் குறைவில்லை. எது எங்கே கிடக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. பழைய ஹார்ட் டிஸ்க்குகள் மூன்று, ஒரு துணிப்பை நிறைய சிடிக்கள், திரை போன லேப்டாப் ஒன்று, ஆளுக்கு இரண்டு பழைய செல்போன்கள். இவற்றில் இருப்பதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, வீட்டு டிவியிலும் அவரவர் செல்போனிலும் தேடிப் பார்க்கும்படி செய்வதற்குத்தான் அந்தக் கறுப்புப் பெட்டி. டிவி அலமாரியில் மோடத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தார்கள்.

வேலை என்னிடம் வந்தது. "அம்மிணி பாத்துக்கும்" என்று அண்ணன் சொல்லிவிட்டு சாப்பிடப் போய்விட்டார். நான் அவருடைய பனியன் கம்பெனியில் ஏற்றுமதி ஆவணங்களைப் பார்த்துக்கொள்கிறேன். இன்வாய்ஸில் ஒரு எண் மாறினாலும் சரக்கு துறைமுகத்தில் நின்றுவிடும் என்பதால், ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்ப்பது எனக்குப் பழக்கம். குடியிருப்பதும் அவர் வீட்டு மாடியில்தான். என் மகள் ஆறு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். அடுத்த வருடமே என் கணவருக்கு வேறு பெண் பார்த்தார்கள். அப்போது இங்கே வந்தவள், அப்படியே இருந்துவிட்டேன்.

பழைய டிஸ்க்குகளில் ஒரு ஒழுங்கும் இல்லை. 'பாப்பா' என்று ஒரு ஃபோல்டர், 'பாப்பா புதுசு' என்று ஒன்று, 'எல்லாம்' என்று ஒன்று. கேமராக்கள் வீடியோவுக்குத் தாமாகவே எண் போடுகின்றன. கார்டை மாற்றினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகின்றன. அதனால் இரண்டு வேறு வீடியோக்களுக்கு ஒரே பெயர் இருக்கும். நகலெடுக்கும்போது, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்கும். அவசரத்தில் சரி என்று அழுத்தினால் ஒன்று போய்விடும். நான் ஒரு தடவையும் அழுத்தவில்லை. ஒவ்வொன்றின் பெயருக்கும் முன்னால் எடுத்த தேதியைச் சேர்த்தேன். வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் விசேஷத்துக்கு ஒன்று. ஏற்றி முடித்ததும் இந்தப் பக்கத்து அளவும் அந்தப் பக்கத்து அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். கம்பெனி விட்டு வந்த பிறகு சாயங்காலங்களில் செய்ததால் சில வாரங்கள் ஆயின.

எதையும் ஓட்டிப் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஒரு முறை, எங்கள் சரக்கை வாங்கும் பையரைப் பார்க்க வெளிநாடு போனபோது அண்ணன் சின்ன வீடியோ கேமரா ஒன்று வாங்கிவந்தார். இரண்டு வருடம் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தார், பிறகு அலுத்துப்போய்த் தூக்கிப் போட்டுவிட்டார். அந்த இரண்டு வருடம் என் மகளின் நாலு வயதிலிருந்து ஆறு வயது வரை. போட்டோ என்னிடம் இருக்கிறது. கணவர் வீட்டில் இருந்த ஆல்பம் திரும்பி வரவில்லை; நான் கொண்டுவந்தது இரண்டு படம், ஒன்று சுவரில், ஒன்று பீரோவில். ஆனால் அவள் நடப்பது, ஓடுவது, திரும்பிப் பார்ப்பது எல்லாம் அண்ணன் அந்தக் கேமராவில் எடுத்து இந்த மூன்று டிஸ்க்குகளில் போட்டுவைத்ததில் மட்டும்தான் இருந்தது. அவள் போன பிறகு நான் அவற்றைப் பார்த்ததில்லை. பார்க்கத் தொடங்கினால் வேலை நகராது. எல்லாம் சர்வரில் ஏறி முடியட்டும், பிறகு ஒரு நாள் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன்.

ஏற்றி முடித்த அன்று, "எல்லாம் ஏத்தியாச்சுங்க அண்ணா. ஒண்ணு விடாம சரிபாத்துட்டேன்" என்று சொன்னேன்.

"அப்ப டிவில போடு, பாக்கலாம்" என்றார்.

அண்ணன், அவர் மனைவி, மகள், நான் நால்வரும் உட்கார்ந்தோம். அண்ணன் மகள் செல்போனிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அவளுடைய ஐந்தாவது பிறந்தநாள். கேக்குக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் நின்றார்கள். ஒரே மாதிரி முடிவெட்டு, ஒரே கோடுபோட்ட பனியன். கத்தியின் மேல் இரண்டு பேர் கையும் இருந்தது. இடது பக்கம் நின்றவள் என் மகள். கேக்கைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் சரியாக வரவில்லை.

"நிறுத்து கண்ணு" என்றார் நங்கையா. அண்ணன் மனைவியை நான் நங்கையா என்றுதான் கூப்பிடுவேன். மூலனூர்ப் பக்கம் முருங்கைத் தோட்டத்துக்காரர் மகள்; குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஏம்மா?"

"நிறுத்துன்னா நிறுத்து. ஏனுங்க அம்மிணி, இதையெல்லாமா ஏத்தி வெச்சிருக்கறீங்க?"

"இருந்தது எல்லாத்தையும் ஏத்தினேனுங்க நங்கையா."

"நாளைக்கு மாப்ள ஊட்டுக்காரங்க வருவாங்க. இந்தப் புள்ள யாருன்னு கேப்பாங்க. செத்துப் போச்சுங்கன்னு சொல்லட்டுங்களா? கண்ணாலம் ஆகப்போற புள்ள பக்கத்துல அதைய நிக்க வெச்சு டிவில ஓட்டறது நல்லாவா இருக்குது?"

அண்ணன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வீடியோதான…" என்று ஆரம்பித்தார்.

"வீடியோதானுங்க. அதுல கை மேல கைய வெச்சுட்டு நிக்கறது உங்க பொண்ணுங்க."

"அம்மா, நாங்க ரெண்டு பேரும் அழகா இருக்கோம்மா" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு." பிறகு என் பக்கம் திரும்பி, இன்னும் மெதுவாக, "உங்க மனசு எனக்குத் தெரியாதுங்களா அம்மிணி? அந்தப் பழைய டிஸ்க்குக மூணையும் நீங்களே வெச்சுக்கங்க. அதுல எல்லாம் இருக்குதுல்ல? மேல உங்க ரூம்ல எத்தன தடவ வேண்ணாலும் போட்டுப் பாருங்க. இந்தப் பொட்டில மட்டும் வேண்டாம். இது எங்க பாப்பா கண்ணாலத்துக்கு வாங்கினது" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அதில் எனக்கு நட்டம் எதுவும் தெரியவில்லை. டிஸ்க்குகள் எனக்கு. அதில் எல்லாம் இருந்தது. சரிங்க நங்கையா என்றேன்.

மூன்று டிஸ்க்குகளையும் துணி சுற்றி ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து, பெட்டியை டிவி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். சர்வரில் எடுக்க வேண்டியதை எடுத்து முடித்ததும் மாடிக்குக் கொண்டுபோவதாக இருந்தேன். எந்த வீடியோ எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பார்க்க இடையில் தேவைப்படலாம் என்று அங்கேயே விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நங்கையா கூப்பிட்டார். அந்த சர்வருக்கு ஒரு வசதி இருந்தது: வீடியோக்களில் இருக்கும் முகங்களைத் தானே அடையாளம் கண்டு, ஆளுக்கு ஒரு தொகுப்பாகப் பிரித்துவைக்கும். பெயர் மட்டும் நாம் எழுத வேண்டும். நங்கையா அதைத் தன் செல்போனில் கண்டுபிடித்திருந்தார். தன் மகளின் தொகுப்புக்குப் பெயர் எழுதியிருந்தார். என் மகளின் தொகுப்பில் பெயருக்கான இடம் காலியாக இருந்தது.

"இதைய ஒரேயடியா அழிச்சுப் போடலாம்னுதான் பாத்தேன். ஆனா இந்த மெசினு ரெண்டையும் போட்டுக் குழப்பி வெச்சிருக்குதாட்ட இருக்குது. எங்க பாப்பா போயிரக் கூடாது பாருங்க. நீங்க உக்காந்து சொல்லீட்டீங்கன்னா தப்பு வராது."

குழப்பம் உண்மைதான். அதற்கு மெசினைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றரை மாதம்தான் வித்தியாசம், என் மகள் மூத்தவள். இரண்டு பேருக்கும் எங்கள் அப்பாவின் முகம். போதாததற்கு ஒரே உடுப்பு. கம்பெனியில் குழந்தைகள் ஆர்டர் வந்தால், பையருக்கு அனுப்பும் சாம்பிளோடு அதே அளவில் கூடுதலாகச் சில பீஸ் தைப்பார்கள். பையர் கேட்ட அளவும் எங்கள் பிள்ளைகளின் அளவும் அப்போது ஒன்றாக இருந்தது. சரக்கு கப்பல் ஏறியதும் மிச்சமிருக்கும் சாம்பிள்கள் வீட்டுக்கு வரும்: இவளுக்கு ஒன்று, அவளுக்கு அதே மாதிரி ஒன்று. அந்த இரண்டு வருடமும் இருவரும் கடையில் வாங்கிய சட்டை போட்டதே அபூர்வம். வீட்டுக்கு வருகிறவர்கள் என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நங்கையாவிடம், "உம்புள்ள நல்லா வளந்துட்டா" என்பார்கள். "அது அவிய புள்ளைங்க" என்று அவர் உடனே சொல்லிவிடுவார். ஒரு நாளும் சொல்லத் தவறியதில்லை.

எனக்குக் குழப்பம் வந்ததில்லை. என் மகள் ஓடும்போது இடது கையால் பனியனின் அடி ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுவாள். நிற்கும்போது ஒரு காலை இன்னொரு காலின் மேல் வைத்துக்கொள்வாள்.

டிவியில் ஒவ்வொன்றாக வந்தது. நங்கையா செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். நான் சொன்னேன். அவர் அழித்தார்.

"இது?"

"எம்புள்ளைங்க."

"இது?"

"பாப்பாங்க."

"இதைய மெசினு எங்க பாப்பான்னு சொல்லுதே?"

"இல்லீங்க, அது எம்புள்ள. பாப்பா பின்னால துணிக்கட்டு மேல உக்காந்திருக்குது பாருங்க."

"அப்ப ரெண்டு பேரும் இருக்கறாங்களா? போகட்டும், போகட்டும்."

மெசின் தவறாக அண்ணன் மகளின் தொகுப்பில் வைத்திருந்தவற்றையும் நான் எடுத்துச் சொன்னேன். ஒரு பட்டியல் தப்பாக இருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வராது. அதோடு பயப்படவும் காரணம் இருக்கவில்லை, டிஸ்க்குகள் இருந்தன. அவர் அழிக்கும் வரை ஒவ்வொன்றிலும் அவள் சில நொடி அசைந்தாள். பொங்கலுக்குக் கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நடந்தாள். கோயில் படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து இறங்கினாள். தையல் மெசின்களுக்கு நடுவே யாரையோ தேடினாள். என்னைத்தான் தேடியிருப்பாள்; அப்போதே நான் அவளைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்கு வேலைக்கு வருவேன், துணி வெட்டும் கட்டிங் பக்கம் இருப்பேன். இவ்வளவு வருடம் கழித்துப் பார்ப்பதால், அழிவது எனக்கு உறைக்கவில்லை. பார்ப்பதுதான் பெரிதாக இருந்தது.

ஒன்றில் இரண்டு பிள்ளைகளும் மொட்டைமாடியில் நின்றார்கள். என் மகள் மற்றவளின் கையைப் பிடித்து இழுத்தாள், அவள் வரமாட்டேன் என்று பின்னால் சாய்ந்தாள்.

"பாத்தீங்களா?" என்றார் நங்கையா. "அப்பவே கூட்டிட்டுப் போகப் பாத்திருக்குது. எங்க பாப்பா போகுல."

விரலால் தொட்டு அழித்தார்.

அழித்தவை சர்வரில் குப்பைக்கூடை மாதிரி ஒரு இடத்தில் போய்க் கிடப்பதை அவர் கவனித்துவிட்டார். "இங்கயே கெடந்தா என்னத்துக்கு அழிச்சோம்? காலி பண்ணுங்க அம்மிணி." அதற்கு என் கடவுச்சொல் வேண்டும். போட்டுக் காலி செய்தேன்.

அப்போதுதான் அண்ணன் கம்பெனியிலிருந்து வந்தார். செவ்வாய்க்கிழமை பையரின் ஆள் வந்து கம்பெனியைச் சோதிக்கும் ஆடிட் இருந்தது. அந்த வாரம் முழுக்க ஞாயிறு என்றும் பார்க்காமல் அங்கேதான் இருந்தார். மோர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டே டிவியைப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் ரெண்டே ரெண்டு இருக்குதுங்க" என்றார் நங்கையா. "அம்மிணி இருந்ததுனால சுளுவா முடிஞ்சுது. வேற யாராச்சும்னா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணியிருப்பாங்க."

"எல்லாம் டிஸ்க்ல இருக்குதுங்களே நங்கையா" என்றேன்.

"எந்த டிஸ்க்?" என்றார் அண்ணன்.

நான் அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினேன். காட்டும்போதே தெரிந்தது. அட்டைப் பெட்டி இருந்தது, மேல்மூடி திறந்திருந்தது. நான் சுற்றிய துணி மட்டும் உள்ளே கிடந்தது.

"அது வேணுமா உனக்கு? ஏத்தியாச்சு, சரிபாத்துட்டேன்னு நீதான சொன்ன?"

"ஆமாங்க அண்ணா. டிஸ்க் எங்கீங்க?"

"கம்பெனிக் கேமரா ரெக்கார்டர்ல போட்டாச்சு. மூணு மாசப் பதிவு வேணும்னு ஆடிட்டுல கேக்கறான், நம்முளுதுல ஒரு மாசம் கூட நிக்கறதில்ல. இனிமேலாச்சும் நிக்கோணும்ல? கேமராக்காரன் வந்தான். மேல்கூட்டக் கழட்டுனா உள்ள அதே டிஸ்க்தான் சார், போட்டுக்கலாம்னான். சும்மா கெடக்குதேன்னு எடுத்துக் குடுத்தேன்."

அவரைப் பொறுத்தவரை அதில் தவறே இல்லை. கம்பெனியில் சரக்கு கப்பல் ஏறிவிட்டது என்றால், அந்த ஸ்டைலின் பேட்டர்ன் அட்டை, சாம்பிள், நூல் மாதிரி எல்லாவற்றையும் எடுத்து ரேக்கைக் காலி செய்துவிடுவோம். அடுத்த ஆர்டருக்கு இடம் வேண்டும். ஏற்றியாகிவிட்டது என்று நான் சொன்ன பிறகு, அந்த டிஸ்க்குகள் அவருக்குக் காலி செய்ய வேண்டிய ரேக். நங்கையா சொன்னதை அவர் காலைப் பார்த்துக்கொண்டு கேட்டாரே தவிர, மனதில் வாங்கியிருக்கவில்லை.

"அதுல இருந்த வீடியோவெல்லாம் என்னாச்சுங்க?" என்றேன்.

"இரு, கேட்டுச் சொல்றேன்" என்று கேமராக்காரரைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கும்படி போனை மோர் டம்ளரின் பக்கத்தில் வைத்தார்.

"ஏப்பா, அந்த மூணு டிஸ்க்குல பழைய வீடியோ எதாச்சும் நிக்குதா?"

"ஃபார்மேட் அடிச்சாத்தானுங்க சார் ரெக்கார்டரு எடுத்துக்கும். வியாழக்கெழமையில இருந்து மேல மேல எழுதீட்டு இருக்குதுங்க. பதினாறு கேமரா ஓடுதுங்களே. ஏனுங்க சார், முக்கியமானது எதாச்சும் இருந்துச்சுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சின்னப் புள்ளைக வீடியோ" என்று வைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "போட்டோ இருக்குதுல்ல அம்மிணி?" என்றார்.

இருக்குதுங்க என்றேன். குப்பைக்கூடையை என் கையால் காலி செய்து, அண்ணன் மோர் குடித்து முடிக்கும் நேரம்தான் ஆகியிருந்தது.

"சரி, ஆனது ஆச்சு" என்றார் நங்கையா. "மிச்சம் இருக்கற ரெண்டையும் பாத்துட்டு எந்திரிக்கலாம். எனக்கும் முதுகு வலிக்குது."

இரண்டையும் டிவியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் எங்கள் துணிக் கிடங்கில் எடுத்தவை. இரண்டிலும் ஒரு பிள்ளைதான், இரண்டிலும் ஒரே மஞ்சள் சாம்பிள் பனியன், நெஞ்சில் வாத்துப் படம். மெசின் இரண்டையும் அண்ணன் மகள் என்று வைத்திருந்தது.

"ரெண்டுலயும் ஒரே தேதி போட்டிருக்குது" என்றார் நங்கையா. தேதி போட்டது நான். "அப்ப ஒண்ணு எங்க பாப்பா, ஒண்ணு உங்களுது. இவிய எங்க பாப்பாவ ஒண்ணு எடுத்தா உங்க புள்ளையையும் ஒண்ணு எடுத்தாகோணும்னு நிப்பாங்க, எனக்கு ஞாபகம் இருக்குது. எது எதுங்க?"

முதலாவதில் ஒரு பிள்ளை துணி உருளைகளுக்கு நடுவில் கிடங்கின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தாள். இடது கை பனியனின் ஓரத்தைப் பிடித்திருந்தது. கிட்டே வந்து சிரித்து, உள்ளங்கையால் கேமராவை மூடினாள். இரண்டாவதில் ஒரு பிள்ளை துணி உருளை மேல் ஏறி நின்று குதித்தாள், விழுந்து உட்கார்ந்தாள், எழுந்து மறுபடி ஏறினாள்.

"நீங்க எடுத்ததுதானுங்களே, உங்களுக்குத் தெரியுதுங்களா?" என்று நங்கையா அண்ணனைக் கேட்டார்.

"ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருந்துச்சுக" என்றார் அவர்.

"அம்மிணி?"

இரண்டும் பாப்பாதான் என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். மகளைக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார், இல்லை இரண்டையும் அழித்துவிடுவார். ஒன்றை என்னுடையது என்று சொல்லியே ஆக வேண்டும்.

"ஓடறது பாப்பாங்க" என்றேன்.

"நெசமாலுமா?"

"பாப்பாதானுங்க நங்கையா. குதிக்கறதுதான் எம்புள்ள."

"எனக்கும் அப்படித்தான் பட்டுது" என்று சொல்லி, தன் மகள் குதித்துக்கொண்டிருந்த வீடியோவை அழித்தார். குப்பைக்கூடையைக் காலி செய்யச் சொன்னார். செய்தேன். பிறகு ஓடும் வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "இதைய மண்டபத்துல போடச் சொல்லோணும். என்ன ஓட்டம் ஓடறா பாருங்க எங்க பாப்பா" என்றார்.

அன்று சாயங்காலமே அந்த ஒன்றை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். மறுநாள் சர்வர் விற்ற கடைக்காரரிடம் கேட்டேன். பெட்டியை உடனே நிறுத்திக் கோயமுத்தூருக்கு அனுப்பினால் அழித்தது கொஞ்சம் திரும்ப வரலாம், உறுதி சொல்ல முடியாது, அதுவரை புதிதாக எதையும் ஏற்றக் கூடாது என்றார். அண்ணனிடம் சொன்னேன். "கண்ணாலம் முடியட்டும் அம்மிணி. இப்பப் போயி அதைய நிறுத்தச் சொன்னா உங்க நங்கையா என்னைய ஊட்டுல உடமாட்டா" என்றார். அந்த வாரம்தான் பெண்ணும் மாப்பிள்ளையும் வால்பாறை போய் எடுத்துக்கொண்ட போட்டோக்களும் வீடியோக்களும் வந்தன. அவற்றையும் நான்தான் ஏற்றினேன். பெட்டியில் இருந்த காலி இடம் பெரும்பாலும் அதிலேயே நிரம்பிவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஆடிட்டுக்கு வந்தவருக்கு ஆவணங்களைக் காட்டுவது என் வேலை. மரியாதையான மனிதர். கேமராப் பதிவைக் கேட்டார். மூன்று மாதம் இல்லையே என்றதற்கு, புது டிஸ்க் போட்டிருக்கிறோம், இனி நிற்கும் என்று அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி சொன்னேன். வியாழக்கிழமை மாலைப் பதிவை ஓட்டச் சொன்னார். அவசர வழி பூட்டாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. மூன்று டிஸ்க்கில் எதிலிருந்து அது வருகிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு கதவும், கதவுக்கு முன்னால் காலியான சிமெண்ட் தரையும் வந்தன. வேகமாக ஓட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இப்படியே ஓடட்டும் என்றார். நானும் அவரும் அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். படம் தெளிவாக இருக்கிறது என்று அவர் பாராட்டினார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வரவேற்பு. மண்டபத்தின் மேடைக்குப் பக்கத்தில் ஒரு சுவர் அளவுக்குத் திரை வைத்திருந்தார்கள். பெண்ணின் பிறந்தநாள், பள்ளிக்கூடம், கல்லூரி, வால்பாறை என்று வந்துகொண்டிருந்தது. நடுவில் அந்தக் கிடங்கு வந்தது. என் மகள் கூட்டத்தில் இருந்த எல்லாரையும் விடப் பெரியதாக, அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தாள். கீழே பெண்ணின் பெயர் பொன்னெழுத்தில் இருந்தது.

"அம்மாவ உரிச்சு வெச்ச மாதிரி இருக்குது" என்று மூலனூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் சொன்னார்.

நங்கையாவின் கண் கலங்கிவிட்டது. பட்டுப்புடவை முந்தானையால் ஒற்றிக்கொண்டார். நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து என் கையைப் பிடித்தார். கல்யாண வீட்டில் எல்லாரிடமும் அன்பாக இருந்தார், என்னிடமும்தான்.

"உங்க புள்ளையும் இதே பனியன்தான் போட்டிருந்துச்சு. ஆனா இந்தக் களை அதுக்கு இல்லீங்க அம்மிணி. அப்பவே எனக்குத் தெரியும், அது நிக்காதுன்னு. மொகத்துலயே இருந்துச்சு."

"ஆமாங்க நங்கையா" என்றேன்.

மேடையில் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நானும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். பெண் என் காதருகில் குனிந்து, "அத்தை, அந்த மஞ்சப் பனியன் வீடியோ சூப்பருங்க. எனக்கு அப்படி ஓடுனதே ஞாபகம் இல்ல" என்றாள்.

"அப்ப உனக்கு நாலு வயசு கண்ணு."

"அவளும் அங்க இருந்தாளா?"

"இருந்தா."

"எங்க, ஒண்ணுலயும் காணமே" என்றாள். போட்டோக்காரர் நிமிர்ந்து பார்க்கச் சொன்னதால் திரும்பிக்கொண்டாள்.

சாப்பாட்டுக்குக் கூட்டம் கீழே இறங்கியதும் மண்டபம் பாதி காலியானது. திரையை ஓட்டுகிறவர் மேடைக்குப் பின்னால் ஒரு லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். பேச்சிலிருந்து தெற்கத்திக்காரர் என்று தெரிந்தது. நான் போய், அந்தக் கிடங்கு வீடியோவை மட்டும் இன்னொரு முறை போட முடியுமா என்று கேட்டேன்.

"ஓடியாருதே, மஞ்ச பனியன் போட்ட பிள்ள, அதா யக்கா? போட்டுருவோம். எனக்கும் பிடிச்சிருந்துச்சு. கேமராவ வந்து பொத்துது பாருங்க, அந்த இடம்."

போட்டார். காலி நாற்காலிகளுக்கு முன்னால் அவள் ஓடி வந்தாள்.

"யக்கா, பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார்.

"அத்தை" என்றேன்.